பழஞ்சுவடியும் புதுநோயும்

நோய் செய்யும் நுண்ணுயிர்களை அழிக்கும் ஆற்றல் ஒருவகைப் பூஞ்சைக்கு உண்டு என்பதனை 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். அதனின்று பெற்ற பெனிசிலின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயின், அம்மருந்தைப் போதிய அளவிற் கொள்ளாவிடின் அதனைத் தாங்கவல்ல நுண்ணுயிர்கள் தோன்றும் என்று 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோது அவரே எச்சரித்தார். அஃது அவ்வாறே நிகழ்ந்தது. மருந்துக்குத் தப்பிய சிலவே பெருகிப் பரவுவன அல்லவோ? ஸ்டைபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் பெனிசிலினுக்கு அடங்காது போகவே, 1959இல் மெதிசிலின் வந்தது. 1961இல் அதற்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் காணப்பட்டது. புண்ணிற் புகுந்தால் எளிதில் நீங்காத அவ்வகை இன்றும் மருத்துவமனைகளை வருத்துகின்றது.

இதற்கு மருந்து தேடிய நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் ஒரு பழஞ்சுவடியை நாடினர். பழைய ஆங்கிலத்தில் வல்ல கிறிஸ்டினா லீயும், நுண்ணுயிரியல் வல்ல பிரேயா ஹாரிசனும் அவருள் முதன்மையானோர். அச்சுவடி, பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள 'பால்டின் மருத்துவ நூல்'; பத்தாம் நூற்றாண்டினது. கண்கட்டிக்கு அது கூறும் மருந்து இது: வெள்ளைப்பூண்டையும் அவ்வினத்து மற்றொரு செடியையும் சம அளவாக எடுத்து நன்கு இடித்து, திராட்சை மதுவும் மாட்டுப் பித்தமும் கூட்டி, பித்தளைக் கலத்தில் ஒன்பது இரவு வைத்து, துணியில் வடித்து, இராப்பொழுதில் இறகினாற் கண்ணில் இடுதல் வேண்டும்.

அம்மற்றொரு செடியைச் சுவடி 'கிராப்லீக்' என்கின்றது. அது வெங்காயமோ, லீக் என்னும் பூண்டுவகையோ என்று துணிதல் அரிது. வழக்கொழிந்த சொல்லுக்கு உரை காண்போர் தமக்குத் தோன்றிய பொருளொன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுதல் உண்டு. இவர்களோ இரண்டையும் தனித்தனியே இட்டு இருவகை மருந்து செய்தனர். அதுவே நேரிய நெறி. பித்தளைக் கலத்திற்கு ஈடாகக் கண்ணாடிக் கலத்துள் பித்தளைத் துண்டுகளை இட்டனர். ஒன்பது இரவு என்பதனை மட்டும் ஒரு நாளும் குறைத்திலர். ஒவ்வொரு பொருளாக நீக்கியும் மருந்து செய்து ஒப்பிட்டனர்.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு அவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. ஆய்வுக்கூடத்தில் அமைத்த செயற்கைப் புண்ணில் ஸ்டைபிலோகாக்கஸ் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவே எஞ்சிற்று. மெதிசிலினுக்கு அடங்காத வகை பற்றிய சுண்டெலிப் புண்ணின் தசையிலோ பத்தில் ஒன்பது பங்கு மடிந்தது. பொருள்களைத் தனித்தனியே இட்டபோது இவ்வாற்றல் தோன்றவில்லை.

எனினும், ஆய்வுக்கூடத்தில் வென்றது நோயாளியிடத்தும் வெல்லும் என்று கொள்ளல் ஆகாது. பித்தமும் பூண்டும் கலந்த நீரை வீட்டிற் செய்து கண்ணில் இடுதல் பேதைமை.

வார்விக் பல்கலைக்கழகத்து ஹாரிசன் குழுவினர் 2020இல் இவ்வாய்வை மேலும் தொடர்ந்தனர். நுண்ணுயிர்கள் புண்ணில் ஒன்றோடொன்று ஒட்டிப் பசைபோன்ற படலத்தைப் போர்த்து வாழும். அதனுள் மருந்து சென்று செயற்படுதல் அரிது. வெள்ளைப்பூண்டிலுள்ள அல்லிசின் தனித்துத் திரியும் நுண்ணுயிர்களைக் கொல்லும். படலத்துள் உறைவனவற்றையோ, சுவடி சொன்ன பொருள்கள் யாவும் கூடிய மருந்தே அழித்தது.