அனலாக் ஸ்லாட் காரை டிஜிட்டல் தடத்துக்கு மாற்றும் முறை

காடி எனப்படும் குறுகிய பள்ளம் தடத்தின் நீளத்துக்கும் ஓட, அதன் இருமருங்கும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் பெற்று, அடிப்பக்கத்துக் கைடு என்னும் சிறு பிளாஸ்டிக் துண்டு அப்பள்ளத்தை விட்டு விலகாமல் வழிநடத்த ஓடுகின்ற சிறு பந்தயக் காரே ஸ்லாட் கார் ஆகும். இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் சாவி கொடுத்து ஓட்டும் ஸ்கேலெக்ஸ் பொம்மைக் கார்களைச் செய்துவந்து, பின்னர் அவற்றில் மின்மோட்டாரைப் பொருத்தி, 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். ஜெர்மனியின் கரேரா 1963-இல் வந்தது. இவை நெடுங்காலம் அனலாக் முறையிலேயே ஓடின. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 2004-இலும், அடுத்து கரேரா தன் 132 வரிசையிலும் டிஜிட்டல் முறைக்கு வந்த பிறகே, கையிலிருக்கும் பழைய கார்களைப் புதிய தடத்தில் ஓட்ட முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

மாற்றும் வேலையில் இறங்குமுன் இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அனலாக் தடத்தில் ஒரு காடிக்கு ஒரு கார்தான். ஓட்டுபவர் கையிலுள்ள விசையை அழுத்த அழுத்த அந்தக் காடியின் பட்டைகளுக்குச் செல்லும் மின்னழுத்தம் கூடுகிறது, காரும் விரைகிறது. டிஜிட்டல் தடத்திலோ எல்லாக் காடிகளிலும் எப்போதும் முழு மின்னழுத்தம் நிற்கிறது. ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் இது சுமார் 15 வோல்ட். அந்த மின்சாரத்தோடு கலந்து, இன்ன எண்ணுள்ள கார் இவ்வளவு வேகத்தில் ஓடட்டும் என்ற கட்டளைகளை, தடத்துக்கு மின்சாரம் தரும் பவர் பேஸ் என்னும் பெட்டி இடைவிடாமல் அனுப்ப, காருக்குள்ளிருக்கும் சிப் தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் பிரித்தெடுத்து மோட்டாரை நடத்துகிறது. காரின் வயிற்றுப் பகுதியிலுள்ள அகச்சிவப்பு எல்இடி விளக்கு அந்தக் காருக்கே உரிய துடிப்பில் மின்னிக்கொண்டிருப்பதால், தடத்திலுள்ள உணரிகள் கடந்துசெல்வது எந்தக் கார் என்று அறிகின்றன. ஓட்டுபவர் தடம் மாறும் பொத்தானை அழுத்தினால், தடமாற்றித் துண்டிலுள்ள சிறு நாக்கு அசைந்து காரை அடுத்த காடிக்குத் திருப்புகிறது. சிப் இல்லாத காரை டிஜிட்டல் தடத்தில் வைத்தால், அது யாருடைய கட்டளைக்கும் கட்டுப்படாமல் முழு வேகத்தில் பாய்ந்து முதல் வளைவிலேயே வெளியே விழும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனையூர் போன்ற மதுரைப் புறநகர் ஒன்றில் இந்த வேலையைச் செய்பவருக்கு, காரும் சிப்பும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழியாகவோ, சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியிலோதான் வந்து சேரும். ஒரு சிப் எரிந்தால் மறுநாளே கடைக்குப் போய் இன்னொன்றை வாங்கிவிட முடியாது. ஆகவே, சிப்பைப் பொருத்துவதைவிட, பொருத்துவதற்கு முன் காரைச் சோதித்துச் சீர்செய்வதற்கே மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டும். மாற்றிய கார் ஓடவில்லை என்றால் பழி சிப்பின் மேல் விழுவது வழக்கம். காரணம் பெரும்பாலும் மோட்டாரிலோ, கைடில் இருந்து பட்டைகளைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் செம்புப் பின்னலிலோ, ஈயம் சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பிலோதான் இருக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த நிறுவனத்தின் டிஜிட்டல் தடம் என்பது. ஸ்கேலெக்ஸ்ட்ரிக், கரேரா, எஸ்சிஎக்ஸ் ஆகியவற்றின் கட்டளை மொழிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. தடம் எதுவோ அதற்குரிய சிப்பையே வாங்க வேண்டும், காரைச் செய்த நிறுவனம் எதுவாயிருந்தாலும் கவலையில்லை. ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் அண்மைக்கால அனலாக் கார்கள் பலவற்றில், அடித்தட்டில் சிறு மூடி ஒன்றும் அதனுள் சிப்புக்கான இடமும் ஆலையிலேயே விடப்பட்டிருக்கும். இத்தகைய கார்களுக்கு வேலை மிக எளிது: மூடியைத் திருகு கழற்றி எடுத்து, சாதாரணக் கார்களுக்குரிய சி 8515 அல்லது ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்குரிய சி 8516 சிப்பைச் செருகித் திருகை முடுக்கினால் போதும், சால்டரிங் தேவையில்லை. அப்படி இடம் விடப்படாத கார்களுக்குத்தான் இனி வருவன எல்லாம் பொருந்தும்.

காரை அனலாக் தடத்தில் சில சுற்றுகள் ஓட்டிப் பார்ப்பது முதற்படி. அச்சு வளைந்திருந்தால், பல்சக்கரம் இறுகியிருந்தால், டயர் உடற்கூட்டில் உரசினால், அதை இப்போதே சரிசெய்ய வேண்டும். ஏனெனில் உராய்வு கூடிய கார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், அனலாக்கில் சற்றே மெதுவாக ஓடியதோடு நின்ற குறை, டிஜிட்டலில் சிப்பைச் சுட்டுவிடும். அடுத்து மோட்டாரின் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளில் ஒன்றையேனும் கழற்றிவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் மோட்டாரின் காதுகள் எனப்படும் இணைப்பு முனைகளில் வைத்து, அச்சைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல நிலைகளில் அளந்து, கிடைப்பவற்றுள் குறைந்த மதிப்பை எடுத்துக்கொண்டு, மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொடும்போது காட்டும் மதிப்பை அதிலிருந்து கழிக்க வேண்டும். தடத்தின் மின்னழுத்தத்தை அந்த மதிப்பால் வகுத்தால், மோட்டார் சுழலாமல் சிக்கி நிற்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் கிடைக்கும்: 15 வோல்ட்டும் 10 ஓமும் என்றால் 1.5 ஆம்பியர், 4 ஓம் என்றால் 3.75 ஆம்பியர். இந்த எண் சிப்போடு வந்த தாளில் குறித்துள்ள எல்லையைத் தாண்டினால், அந்த மோட்டாரை மாற்றிவிட வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்றுகள் சுழலும் வழக்கமான சிறு மோட்டார்களால் சிக்கல் வருவதில்லை. பந்தயத்துக்கென முறுக்கேற்றிய மோட்டார்களே சிப்புகளின் எமன்.

பின்னர் உடற்கூட்டைக் கழற்றி மோட்டாரைப் பார்த்தால், அதன் இரு காதுகளையும் இணைத்தபடி சிறு வட்டத் தட்டு வடிவிலான மின்தேக்கி ஒன்று இருக்கக்கூடும். பிரஷ்கள் பொறி பறப்பதால் எழும் மின்னிரைச்சலை அடக்க அது அனலாக் காரில் வைக்கப்பட்டது. டிஜிட்டல் சிப் மோட்டாருக்கு மின்சாரத்தை ஒரே சீராகத் தராமல், மிக விரைவாக விட்டுவிட்டுத் தருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த மின்தேக்கி திடீரென நிரம்ப முயன்று சிப்பிலிருந்து பெருமின்னோட்டத்தை உறிஞ்சும் என்பதால், அதை வெட்டி எடுத்துவிடுவதே பொது வழக்கம். ஆயினும் இரைச்சல் கட்டளைகளைக் குழப்பும் என்பதால், கம்பியில் கோத்த ஃபெரைட் மணிகள் இருந்தால் அவற்றை எடுக்கக் கூடாது; சிப்போடு தனியாக ஃபெரைட் துண்டு கொடுக்கப்பட்டிருந்தால் தாளில் காட்டியபடி பொருத்த வேண்டும்.

எல்இடிக்குத் துளையிடுவதுதான் திரும்பப் பெற முடியாத படி. துளை காரின் நடுக்கோட்டில், கைடுக்குப் பின்னால் அமைய வேண்டும். அது காடிக்கு நேர் மேலே நில்லாமல் சற்றே பக்கம் விலகினாலும், முன்பின் தூரம் மாறினாலும், உணரி விளக்கைக் காணத் தவறும், அல்லது நாக்கு காலம் கடந்து அசையும். அதே நிறுவனத்தின் டிஜிட்டல் கார் ஒன்று கையில் இருந்தால், கைடின் சுழலச்சுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள தூரத்தை அதில் அளந்து, கெட்டி அட்டையில் ஓர் அளவு மாதிரி வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. மின் டிரில்லைவிட விரலால் உருட்டும் கைத்துளைப்பான் நம்பகமானது. சிறிய துளையிட்டு, அரத்தால் சிறிது சிறிதாக அகட்ட வேண்டும். அந்த இடத்தில் காந்தம் குறுக்கிட்டால் காந்தத்தைப் பின்னுக்கு நகர்த்தலாமே தவிர, விளக்கை நகர்த்தலாகாது. எல்இடியின் முகம் அடித்தட்டின் வெளிப்பரப்போடு ஒட்டி நிற்க வேண்டும்: வெளியே நீட்டினால் தடத்தில் உரசும், உள்ளே புதைந்தால் ஒளி குறுகிவிடும்.

இனிக் கம்பிகள். கைடிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் இரு கம்பிகளையும் இடையில் வெட்டி, கைடுப் பக்கத்து இரு முனைகளைச் சிப்பின் உள்ளீட்டோடும், மோட்டார்ப் பக்கத்து இரு முனைகளைச் சிப்பின் வெளியீட்டோடும் இணைப்பதே முழு வேலையும். எது எந்தப் பக்கம் என்பது வெட்டிய பின் எளிதில் மறந்துபோகும். வெட்டுமுன் கைடுக் கம்பிகளில் காகித நாடாவைச் சுற்றி வலது, இடது என எழுதிவைக்க வேண்டும். சிப்பின் வெளியீட்டைத் தவறுதலாகத் தடத்தோடு இணைத்தால் சிப் அந்த நொடியே பாழாகும். கம்பி நிறங்களை நினைவிலிருந்து ஊகிப்பது ஆபத்து; நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும், தாளே முடிவானது. 25 வாட் சால்டரிங் அயன், 60/40 ஈயக்கம்பி, ரோசின் ஃபிளக்ஸ், சுருங்கு குழாய் ஆகியவை மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து மின்னணுக் கடைகளிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும். குழாயைக் கம்பியில் முதலில் கோத்துக்கொண்டு, இரு முனைகளுக்கும் தனித்தனியே ஈயப் பூச்சுக் கொடுத்து, பிறகு சேர்த்து அயனை இரண்டு நொடிக்கு மேல் வைக்காமல் எடுத்தால், இணைப்பு பளபளப்பாக வழியும்; மங்கி உருண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள். கைடு இருபுறமும் தடையின்றித் திரும்பக் கம்பிகளில் சிறிது தளர்வு விட வேண்டும். சிப்பை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால், மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் எட்ட ஒட்ட வேண்டும். நாடாவால் முழுக்கச் சுற்றி மூடினால் வெப்பம் வெளியேறாது, அக்கினி நட்சத்திரக் காலத்து மதுரையில் அது சிறு விஷயமன்று.

காரில் முகப்பு விளக்குகள் இருந்தால் அவற்றைப் பழைய இணைப்பிலேயே விடாமல், சிப்பில் விளக்குக்கான வெளியீடு இருந்தால் அதில் சேர்க்கலாம். இல்லையேல் துண்டித்துவிடுவது மேல்.

சோதனையின்போது தடத்தில் அந்த ஒரு கார் மட்டுமே நிற்க வேண்டும். காருக்கு எண் கொடுக்கும் பவர் பேஸின் கட்டளையை எல்லாச் சிப்புகளும் கேட்கும் என்பதால், வேறு கார்கள் இருந்தால் அவையும் அதே எண்ணை ஏற்றுக்கொண்டு, ஒரே விசைக்கு எல்லாம் ஓடத் தொடங்கும். எண் பதிந்ததும் காரைக் கையில் தூக்கி, அடிப்பக்கம் தெரிய, கம்பி முனைகளால் பின்னலுக்கு மின்சாரம் கொடுத்து, அலைபேசியின் கேமராவால் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிறிய ஊதாவாக மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பார்க்கலாம். மின்னவில்லையென்றால் தடமாற்றியைச் சோதிப்பது வீண். கார் பின்னோக்கி ஓடினால் மோட்டாரின் இரு கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். நின்று நின்று ஓடினால் சிப்பைக் குறை சொல்லுமுன் செம்புப் பின்னலைப் பார்க்க வேண்டும்: அனலாக் காருக்கு நொடிப்பொழுது மின்துண்டிப்பு ஒரு பொருட்டன்று, ஆனால் சிப் அந்த இடைவெளியில் அணைந்து மீண்டும் விழித்தெழ வேண்டியிருக்கிறது. பின்னல் மென்மையாக விரிந்து, பட்டையில் அதன் முழு நீளமும் படிய வேண்டும்.

ஆனையூரின் தட்பவெப்பம் இங்கேதான் குறுக்கிடுகிறது. ஆடிக் காற்றில் சன்னல் வழி வரும் செம்மண் புழுதி பட்டைகளில் படிந்து தொடர்பைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் இரும்புப் பட்டைகள் துருவேறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் துடைத்தல் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய் மேலும் விரைவாகத் துரு பிடிக்கும். வெயில் நேராக விழும் மொட்டைமாடியிலோ சன்னலோரத்திலோ தடத்தை விரித்தால், சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்பே உணரிகளைக் குழப்பிச் சுற்றுக் கணக்கைத் தவறாக்கும். நிழலான அறையே தகுந்தது. வெளிநாட்டு அடாப்டரைச் செருகுமுன், அதன் மேல் 230 வோல்ட்டை ஏற்கும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். மின்வெட்டு நீங்கி மின்சாரம் திரும்பும் வேளையில் தடம் இணைப்பில் இருக்கலாகாது.

எல்லாக் கார்களையும் மாற்ற வேண்டியதில்லை. 1960-களின் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்களில் பட்டை வடிவக் கைடுக்குப் பதில் வட்டக் குச்சி இருக்கும். அவற்றைத் தடமாற்றியின் நாக்கு சரியாகத் திருப்பாது. மேலும் அடித்தட்டைத் துளைத்துவிட்டால் சேகரிப்பாளர் தரும் மதிப்பும் போய்விடும். அப்படிப்பட்ட கார் ஒன்று வீட்டில் இருந்தால் அதைத் துளைக்காமல், அதற்கென ஒரு சிறிய அனலாக் வட்டத் தடத்தைத் தனியே வைத்துக்கொள்வதே சரி.