லாரி ஓட்டுநரும் காலக் கணக்கும்

பொருளைச் செலவிடுவோர் கணக்கெழுதி வைத்தல் உலக வழக்கு. காலத்தைச் செலவிடுவோருள் அங்ஙனம் எழுதுவார் மிகச் சிலரே. மாணவராகிய நாம் வகுப்பிற் கழிக்கும் காலத்துக்கு வருகைப் பதிவேடு உண்டு. புகைவண்டி ஓட்டுவோர் பணி ஏற்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் ஏட்டிற் குறித்துக் கையொப்பமிடுகின்றனர். ஆயின், நாம் உண்ணும் அரிசியையும், நாம் குடியிருக்கும் வீட்டின் கல்லையும் சிமெந்தையும் இரவெல்லாங் கண்விழித்துக் கொண்டுவரும் லாரி ஓட்டுநரின் காலத்துக்குக் கணக்கு எங்கே இருக்கின்றது? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. திருச்சிராப்பள்ளியினின்று கீரனூர் வழியாகவும், தஞ்சையினின்று கந்தர்வகோட்டை வழியாகவும் வரும் பெருஞ்சாலைகள் புதுக்கோட்டையிற் கூடித் திருமயம் வழியே தெற்கு நோக்கிச் செல்கின்றன. வடகாட்டுப் பலாவும் வாழையும், கீரமங்கலத்துப் பூவும், ஜெகதாப்பட்டினம் கோட்டைப்பட்டினம் ஆகிய துறைகளின் மீனும், குவாரிகளின் கல்லும் ஜல்லியும் சாலை வழியாகவே வெளியூர் சேர்கின்றன. இவற்றுட் பல, விடியுமுன் சந்தையை அடையவேண்டி இரவிற் புறப்படுவன.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30ஆம் நாள், பொழுது புலருமுன், திருச்சி–இராமேசுவரம் பெருஞ்சாலையில் நமணசமுத்திரத்தில், சிமெந்து மூட்டைகளை ஏற்றிவந்த லாரியொன்று சாலையோரத்துத் தேநீர்க் கடையுட் பாய்ந்தது. வண்டிகளை நிறுத்தி அங்கே இளைப்பாறிய யாத்திரிகருள் ஐவர் மாண்டனர்; பலர் காயமுற்றனர். அந்நிகழ்ச்சிக்குக் காரணம் இன்னதெனத் தீர்ப்பது நீதிமன்றத்தின் கடன். அதனுள் நாம் புகவேண்டுவதில்லை. எனினும், விடியற்பொழுதில் நேரும் இத்தகைய விபத்து ஒவ்வொன்றிலும் கேட்கப்படவேண்டிய முதல் வினா ஒன்றுண்டு: ‘ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார்?’ என்பதே அது. அவ்வினாவுக்கு விடை கூறவல்ல ஏடு ஒன்று வேண்டுமென்பதே நாம் ஈண்டு நிறுவப்புகுவது.

1. உறக்கத்தின் வலிமை

உறக்கத்தை மனவுறுதியால் வென்றுவிடலாமென்று பலர் எண்ணுகின்றனர். அஃது உடலின் இயல்பை அறியாதார் கூற்று. மனித உடலினுள் ஒரு கடிகாரம் உண்டு. நள்ளிரவு கடந்து விடியும் வரையுள்ள நேரத்திலும், நண்பகலுக்குப் பிற்பட்ட நேரத்திலும் அது நம்மை உறக்கத்தை நோக்கி ஈர்க்கின்றது. தேநீரும், பாட்டும், முகத்திற் தெளிக்கும் நீரும் அவ்வீர்ப்பைச் சிறிது தாமதப்படுத்துமேயன்றி நீக்கமாட்டா.

மணிக்கு 60 கிலோமீட்டர் விரையும் லாரி ஒரு நொடியிற் பதினாறு மீட்டருக்கு மேற் செல்கின்றது. ஓட்டுநரின் இமை மூன்று நொடி மூடியிருப்பின், வண்டி 50 மீட்டர் தூரம் ஆளின்றி ஓடியதாகும். ஒரு தேநீர்க் கடையும் அதன் முன்னிற்கும் வண்டிகளும் அத்தூரத்துள் அடங்கிவிடும்.

1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. இடையறாது 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் சாராயம் கலந்தவரின் திறனளவுக்குத் தாழ்ந்துவிடுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. நமது மோட்டார் வாகனச் சட்டமோ 30 மில்லிகிராமுக்கு மேற்படின் அவ்வோட்டுநரைக் குற்றவாளி எனக் கொள்கின்றது. ஆகவே, ஒரு துளி மதுவும் அருந்தாத நல்லொழுக்கமுடையார் ஒருவர், கண்விழிப்பு மிகுந்த காரணத்தாலேயே குடித்தவர் நிலையை எய்தக்கூடும். குடியை அளக்கக் காவலர் கையிற் கருவியுண்டு. கண்விழிப்பை அளக்க, நேரங் குறித்த ஏடன்றி வேறு கருவி அவர் கையில் இல்லை.

2. சட்டம் வகுத்த வரம்பு

இத்தீங்கைத் தடுக்கும் எண்ணம் நம் நாட்டிற் புதிதாகத் தோன்றியதன்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஓட்டுதல் கூடாது, இடையே அரைமணி நேர ஓய்வு வேண்டும், நாளொன்றுக்கு ஒன்பது மணியும் வாரத்துக்கு 54 மணியும் கடத்தலாகாது என விதித்தது.

பின்னர் வந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவ்வரம்பை இன்னுஞ் சுருக்கி, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றாக்கிற்று. நெடுந்தூரப் பாதைகளிலும் திருவிழாக் காலங்களிலும் மட்டும், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு, நாளுக்குப் பத்து மணியும் வாரத்துக்கு 54 மணியும் வரை இடந்தந்தது. ஒரு நாட்பணிக்கும் மறுநாட்பணிக்கும் இடையே ஒன்பது மணி நேரத் தொடர்ந்த ஓய்வும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வேண்டுமென்றது. இச்சட்டம், தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது; எட்டு மணி என்னும் நாள்வரம்பு அதனுள்ளும் நிலைபெற்றுள்ளது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. பணிநேரத்தை முன்னரே வகுத்துப் பதிவு செய்யும்படி முதலாளிகளுக்குக் கட்டளையிட மாநில அரசுக்கு அப்பிரிவு அதிகாரம் அளிக்கின்றது. அங்ஙனம் பதிவான நேரத்துக்குப் புறம்பாக ஒருவர் தாம் உழைத்தலுங் கூடாது. பிறரை உழைப்பித்தலும், உழைக்க விடுதலுங் கூடாது. எனவே பொறுப்பு சக்கரம் பிடித்தவரோடு நின்றுவிடாமல், அவரை அனுப்பிவைத்தவரையும் சாரும் என்க.

3. எது பணிநேரம்?

ஓட்டும் நேரம் மட்டுமே பணிநேரம் என்று கருதுவாருளர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அங்ஙனம் கொள்ளவில்லை. வண்டி ஓடும் நேரத்தோடு, சரக்கு ஏற்றி இறக்கும் நேரம், வண்டியைப் பழுதுபார்க்கும் நேரம், கணக்கு ஒப்படைத்து ஏட்டிற் கையொப்பமிடும் நேரம் ஆகிய அனைத்தையும் அது பணிநேரம் என்றே எண்ணியது. நேரக் குறிப்பை எழுதுவதுங்கூட உழைப்பே என்று சட்டமியற்றினோர் கருதினமை பாராட்டற்பாலது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். புதுக்கோட்டையிற் பலாப்பழம் ஏற்றிச் சென்னைக்குச் செல்லும் லாரி ஒன்றைக் கொள்க. தூரம் ஏறக்குறைய 390 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்போம். ஓட்டுநர் மாலை 4 மணிக்கு வந்து லோடு ஏற்றுவதை உடனிருந்து முடித்து, 6 மணிக்குப் புறப்படுகின்றார். 9 மணிக்குப் பணி ஐந்து மணி நேரமாகிறது, அரைமணி ஓய்வு. மீண்டும் 9.30க்குப் புறப்பட்டு 12.30 வரை ஓட்டினால் எட்டு மணி நிறைவெய்துகின்றது. அப்பொழுது அவர் கடந்த தூரம் 270 கிலோமீட்டர். வண்டி திண்டிவனத்தை அடுத்து நிற்கும். சென்னைக்கு இன்னும் 120 கிலோமீட்டர் உண்டு. பத்து மணி வரை ஓட்ட ஒப்புதல் இருப்பினும், 2.30 மணிக்கு 360 கிலோமீட்டரே முடியும். சந்தை அப்பொழுதும் 30 கிலோமீட்டர் அப்பால் நிற்கும்.

இக்கணக்கினாற் போதருவது யாது? வரம்பை மீறுதல் பெரும்பாலும் ஓட்டுநரின் பேராசையால் விளைவதன்று; ஓர் ஓட்டுநரை மட்டும் அமர்த்தி, இருவர்க்குரிய தூரத்தை வகுத்த ஏற்பாட்டினாலேயே விளைகின்றது. மற்றோர் ஓட்டுநரை உடனனுப்புதல், அல்லது சரக்கை முன்னரே ஏற்றி வைத்து ஓட்டுநரைப் பின்னர் அழைத்தல் இதற்குப் பரிகாரமாகும்.

4. பொய்க் கணக்கின் கேடு

பலர்க்கு ஊதியம் டிரிப்புக் கணக்கில் வருகின்றது. டிரிப்பு மிகுந்தாற் பேட்டாவும் மிகும்; உறங்கிய இரவுக்குக் கூலியில்லை. வண்டியுடையாரிற் பலரோ ஒன்றிரண்டு லாரிகளைக் கடனுக்கு வாங்கித் தவணை கட்டித் தவிப்பவர். இந்நிலையில் ஏடு ஒன்று கட்டாயமாயின், லோடு ஏற்றிய இரண்டு மணியை ‘ஓய்வு’ என்றெழுதும் ஆசை எளிதிற் பிறக்கும்.

இதனால் முதலிற் கெடுபவர் ஓட்டுநரே. ‘பன்னிரண்டு மணி நேரம் ஓட்டச் செய்தனர்’ என்று அவர் பின்னர் முறையிடின், அவர் கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சியாகும். விபத்து நேரின், ‘தக்க ஓய்வு பெற்றிருந்தும் அசட்டையால் மோதினார்’ என்று பழி முழுதும் அவர் தலையில் விழும். மெய்க் கணக்கோ மிகைநேரக் கூலி கேட்கவும், ‘இதற்குமேல் ஓட்டேன்’ என மறுக்கவும் அவருக்குச் சான்றாக நிற்கும்.

5. பிற நாட்டு வழக்கம்

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1979ஆம் ஆண்டில் இயற்றிய 153ஆம் எண் உடன்படிக்கை, தொடர்ந்து ஓட்டுவதற்கு நான்கு மணியும், நாள் முழுதும் ஓட்டுவதற்கு ஒன்பது மணியும் வரம்பாகக் கூறி, ஓட்டுநர் தோறும் தனிக் குறிப்பேடு வேண்டுமென்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ஆம் ஆண்டு முதற் புதிய லாரிகளில், ஓடும் நேரத்தைத் தானே பதியும் டிஜிட்டல் கருவி பொருத்தப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காகித ஏட்டுக்குப் பதிலாக மின்னணுக் கருவி 2017 டிசம்பர் முதற் கட்டாயமாயிற்று. ஆயினும், கருவி சக்கரத்தின் சுழற்சியையே அறியும்; வண்டி நின்றபோது ஓட்டுநர் மூட்டை சுமந்தாரா, உறங்கினாரா என்பதை அவரே பதியவேண்டும். ஆதலின், கருவி வந்த நாட்டிலும் வாய்மை வேண்டப்படுகின்றது.

முடிவுரை

நண்பர்காள், நம்முட் சிலர் நாளை வழக்கறிஞராவர். சிலர் தொழில்துறை அதிகாரிகளாவர். சிலர் லாரிகளை உடையாருமாவர். விபத்து நேர்ந்தவிடத்து ஓட்டுநரின் உரிமச் சீட்டைக் கேட்பதோடு அமையாது, அவருடைய நேர ஏட்டையும், அவரை அனுப்பினாரின் கால ஏற்பாட்டையும் அவர்கள் கேட்பாராக.

லாரி ஓட்டும் தந்தையரின் மக்களும் நம் வகுப்புகளில் உளர். அவர்கள் சட்டத்தின் வற்புறுத்தலுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு சிறு நோட்டுப்புத்தகத்தில் ‘புறப்பட்டது, நின்றது, லோடு, உறக்கம்’ என நான்கு வரி கோடிட்டுத் தந்தையார் கையிற் கொடுப்பாராக. அவர் வீடு திரும்பிய அன்று மாலை அதனை உடனிருந்து கூட்டிப் பார்ப்பாராக. உறக்கத்தின் வரியிற் கூட்டுத்தொகை எத்துணைச் சிறியதென்று கண்ட குடும்பம், மறுமுறை அவரை அவ்வாறே வழியனுப்ப ஒருப்படாது.