வெப்பப் பதமும் காந்தமும்

முன்னுரை

காந்தத்தைச் சூடேற்றினால் அதன் ஆற்றல் போய்விடும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இது பாதி உண்மை. நல்ல காந்தம் உருவாவதற்கும் நெருப்பு வேண்டும் என்பது மறுபாதி. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டொமைன்கள்

இரும்பு 770° செல்சியஸைத் தாண்டினால் காந்தம் அதனை ஈர்ப்பதில்லை. ஆறினால் மீண்டும் ஈர்க்கும். இரும்பினுள் டொமைன் எனப்படும் நுண்ணிய காந்தப் பகுதிகள் உள்ளன. அவற்றின் எல்லைச் சுவர்கள் எளிதில் நகர்ந்தால் அது மென்காந்தம், தடைபட்டால் நிலைக்காந்தம். அத்தடைகளைக் கூட்டுவதும் குறைப்பதும் வெப்பப் பதமேயாகும்.

இரண்டு ஊசிகள்

செஞ்சியில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் கொல்லர் ஒருவரிடம் இரண்டு கோணி ஊசிகளைக் கொடுத்தேன். இரண்டையும் செந்தணலாகக் காய்ச்சி, ஒன்றைத் தண்ணீரில் தோய்த்தார். மற்றதைச் சுடுசாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். பிறகு இரண்டையும் ஒரே சட்டக் காந்தத்தால் ஒரே அளவு தேய்த்தேன். இரண்டும் குண்டூசிகளை ஈர்த்தன. பலமுறை தரையில் போட்டெடுத்த பின், சாம்பலில் ஆறியது பெரும்பாலான குண்டூசிகளை விட்டுவிட்டது, தோய்த்தது பிடித்துக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. திடீரெனக் குளிரும்போது கார்பன் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்ள, மார்ட்டென்சைட் என்னும் இறுக்கமான அமைப்பு உண்டாகிறது. அரிவாளின் கூர் மழுங்காமல் காக்கும் அதே இறுக்கம் டொமைன் சுவர்களையும் தடுத்து நிறுத்துகிறது.

நம் பகுதியும் உலகமும்

பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசையில் உருக்கு வடித்த இடத்தைச் சாரதா சீனிவாசன் 1994இல் வெளியிட்ட ஆய்வில் அறிவித்தார். மேனாட்டார் 'வூட்ஸ்' என்றழைத்த இந்திய உருக்கை, மின்காந்தத் தூண்டலைக் கண்ட ஃபாரடேயே 1819இல் ஆராய்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1931இல் ஜப்பானியர் மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியக் கலவையில் வலிய காந்தம் செய்தார். இதில் கோபால்ட் சேர்ந்து வளர்ந்ததே ஆல்னிகோ. அதன் சிறந்த வகையைச் சுமார் 1250° வரை சூடேற்றி, காந்தப் புலத்தில் குளிர்வித்து, மீண்டும் 600° அருகே பல மணி நேரம் வைப்பர். அப்போது இரும்பும் கோபால்ட்டும் மிகுந்த நுண்கம்பிகள் ஒரே திசையில் பிரிந்து நிற்கும். அவற்றின் காந்தத்தைத் திருப்புவது கடினம்.

மின்மாற்றித் தகட்டுக்கோ இதற்கு நேர்மாறான பதம் தேவை. சுமார் 3% சிலிக்கான் கலந்த உருக்கைக் காய்ச்சி மெல்ல ஆற்றினால் படிகங்கள் பெரிதாகும். சுவர்கள் தடையின்றி நகரும். மின் இழப்பு குறையும்.

முடிவுரை

இரண்டு ஊசியும் ஒரு கொல்லன் உலையும் இருந்தால் போதும், இப்பாடத்தைக் கண்ணால் காணலாம். நம் பேராசிரியர்கள் இதனைச் செய்முறை வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.