வடை வடிவக் கட்டடமும் ஒரு ஜன்னலும்



என் அப்பா கொத்தனார். போன வருஷம் ஒரு வீட்டு வேலையில், அப்பாவிடம் இருந்த தாளில் ஜன்னல் அகலம் 3 அடி. ஆசாரியிடம் இருந்த தாளில் 3½ அடி. நடுவில் அளவை மாத்தினவங்க ஒரு தாளை மட்டும் திருத்திட்டாங்க. ஜன்னல் வந்து இறங்கினப்போ பொருந்தவில்லை. கட்டின சுவரை அப்பாவே இடித்தார். அந்த 2 நாள் கூலி கிடைக்கவே இல்லை.

ஒரு ஜன்னலுக்கே இப்படி என்றால், வளைந்து நெளிந்த பெரிய கட்டடங்களை எப்படித்தான் கட்டுகிறார்கள்?

துபாயில் ஒரு அதிசயம்

துபாயில் 'எதிர்கால அருங்காட்சியகம்' 22.2.2022 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஷான் கில்லா. உயரம் 77 மீட்டர். மெதுவடையை நிமிர்த்தி வைத்த மாதிரி நடுவில் பெரிய ஓட்டை! சாய்வாகப் பின்னிய எஃகுச் சட்டங்கள்தான் அதன் எலும்புக்கூடு. அதற்கு மேல் 1024 பலகைகள் போர்த்தியிருக்கிறார்கள். பலகைகளின் வெளிப்பக்கம் நம்ம வீட்டு எவர்சில்வர் மாதிரி துருப்பிடிக்காத எஃகு. அதில் ஓடும் அரபு எழுத்துகள்தான் ஜன்னல்கள். ஒரு பலகையில் தொடங்கும் எழுத்து அடுத்த பலகையில் தொடரும். ஓரம் கொஞ்சம் விலகினாலும் எழுத்து உடைந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு பூசணிக்காயைச் செய்தித்தாளால் சுருக்கம் விழாமல் மூடுங்கள். முடியாது! தாளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால்தான் படியும். துண்டுகளும் ஒரே மாதிரி இருக்காது. செங்கல் எல்லாம் ஒரே அளவு. வளைந்த சுவரின் பலகைகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அளவு வேண்டும்.

'பிம்' என்றால் என்ன?

பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்பதன் சுருக்கம் 'பிம்'. தமிழில் 'கட்டடத் தகவல் மாதிரி' எனலாம். தாளில் வரைந்தால் சுவர் வெறும் கோடுதான். பிம் மாதிரியில் அந்தச் சுவரின் நீளம், தடிமன், என்ன பொருள் என்ற விவரம் எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

1. ஓர் இடத்தில் அளவை மாற்றினால், அந்த மாதிரியிலிருந்து எடுக்கும் எல்லாப் படங்களிலும் மாறும்.
2. குழாயும் உத்திரமும் முட்டினால் கட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.
3. ஒவ்வொரு பலகையின் வடிவத்தையும் நேரே இயந்திரத்துக்கு அனுப்பலாம்.

துபாய் கட்டடத்தையும் இந்த முறையில்தான் முதலில் கணினிக்குள் கட்டிப் பார்த்தார்கள். பலகைகளை ரோபோக்களின் உதவியோடு தயாரித்தார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "உள்ள போடுற அளவே தப்பா இருந்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி! கணினியும் தப்பாகத்தான் சொல்லும். அளவைச் சரியாகப் போட வேண்டியது மனுஷங்கதான். ஆனால் எல்லாரும் ஒரே அளவைப் பார்த்து வேலை செய்தால், அந்த ஜன்னல் சுவரை இடித்திருக்க வேண்டாம். அப்பா கூலியும் போயிருக்காது.

கணக்குப் பாடத்தில் வடிவியலைக் கஷ்டம்னு ஒதுக்காதீங்க. சுவர் நிற்பது அதில்தான்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி