பெரிய டிராக்டரில் சிறிய கருவி: பூட்டும் முன் அறிய வேண்டியவை



நம் பல்லடம் வட்டாரத்தில் தறி, கோழிப்பண்ணையோடு தென்னந்தோப்பும் மக்காச்சோளக் காடும் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. வாடகைக்கு டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. தோப்புக்குள் உழ முதலில் மினி டிராக்டர் வாங்கி, அதற்குத் தோதாக 5 கொத்துக் கலப்பையோ 4 அடி ரோட்டவேட்டரோ சேர்த்திருப்பார்கள். சில வருடம் கழித்து 45, 50 குதிரைத்திறன் வண்டி வீட்டுக்கு வரும். பழைய கருவி நல்ல நிலையில் இருக்கும். புதியது வாங்கக் கையில் பணம் இருக்காது. பழையதையே பெரிய வண்டியில் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பாடம். பூட்டலாம். எப்படிப் பூட்டுவது, பூட்டிய பின் எப்படி ஓட்டுவது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு பூட்ட வேண்டும்.

1. இரண்டு அளவுகள் ஏன் வந்தன?

டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். இந்த மூன்று புள்ளி இணைப்பைப் பரவலாக்கியவர் அயர்லாந்தில் 1884-ல் பிறந்த ஹாரி பெர்குசன். 1939-ல் போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட டிராக்டரில் இது பெரும் அளவில் வந்தது. அவருடைய நிறுவனம் 1953-ல் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே தயாரிக்கும் மாஸி பெர்குசன் வண்டிகளில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

எந்த நிறுவனத்தின் கலப்பையும் எந்த வண்டியிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பின்னாளில் அளவுகள் வகுக்கப்பட்டன. ஐ.எஸ்.ஓ. 730 என்ற உலகத் தர அளவு அதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியவை அதில் இரண்டு வகை.

முதல் வகை: கீழ்க்கை பின் சுமார் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ., கீழே இரண்டு பின்களுக்கும் இடையே சுமார் 68 செ.மீ.

இரண்டாம் வகை: கீழ்க்கை பின் சுமார் 28 மி.மீ., டாப் லிங்க் பின் 25 மி.மீ., இடைவெளி சுமார் 82 செ.மீ.

சிறிய வண்டிகளுக்கு முதல் வகை, பெரியவற்றுக்கு இரண்டாம் வகை என்பது பொது வழக்கம். மிகச் சிறிய தோட்ட வண்டிகளின் கருவிகளில் இடைவெளி இன்னும் குறுகலாக இருக்கும். எனவே வண்டியின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் டேப்பும் வெர்னியரும் வைத்து அளந்து பாருங்கள்.

2. பின்னும் புஷ்ஷும்

28 மி.மீ. ஓட்டையில் 22 மி.மீ. பின்னை அப்படியே மாட்டினால் 6 மி.மீ. ஆட்டம் இருக்கும். ஒவ்வொரு குலுக்கலும் சுத்தியல் அடிபோல் விழுந்து, ஓட்டை முட்டை வடிவமாகும், பின் தேயும், லிஞ்ச் பின் தெறித்தால் கருவி ஒரு பக்கம் கழன்று விழும். இடையில் சுமார் 3 மி.மீ. தடிப்புள்ள இரும்புப் புஷ் போட வேண்டும். உதிரிபாகக் கடையில் கிடைக்கும். லேத் பட்டறையில் கடைந்தும் வாங்கலாம். புஷ்ஷின் நீளம் கையின் குண்டு அகலத்துக்குச் சரியாக இருக்கட்டும். லிஞ்ச் பின் ஓட்டை மறையக் கூடாது.

டாப் லிங்க்கிலும் இதே முறைதான். கருவியின் காதில் உள்ள 19 மி.மீ. ஓட்டையைக் கேஸ் வெட்டில் பெரிதாக்காதீர்கள். அங்கே இரும்பு குறைந்தால் காது கிழியும். 19 மி.மீ. பின்னையே போட்டு, டாப் லிங்க் குண்டுக்குள் புஷ் வையுங்கள்.

3. இடைவெளியும் நீளமும்

82-க்கும் 68-க்கும் வித்தியாசம் 14 செ.மீ. ஒவ்வொரு கையையும் 7 செ.மீ. உள்ளே கொண்டுவர வேண்டும். பக்கச் சங்கிலியையோ ஸ்டெபிலைசரையோ இரண்டு பக்கமும் சமமாக இறுக்கினால் கருவி நடுவில் நிற்கும். தளர்வாக விட்டால் கருவி ஆடி டயரில் உரசும். டாப் லிங்க் நீளத்தையும் புதிதாகச் சரிசெய்து, கருவி தரையில் சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். முதல் தடவை லிவரை மெதுவாக ஏற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

4. பெரிய வண்டிக்கு வலி தெரியாது

மினி டிராக்டரில் கொத்து ஒரு கல்லிலோ தென்னை வேரிலோ மாட்டினால் சக்கரம் சுழலும், அல்லது இன்ஜின் திணறி நிற்கும். அந்தத் திணறல்தான் கருவிக்குப் பாதுகாப்பு. சுமார் 2 டன் எடையுள்ள 50 குதிரைத்திறன் வண்டி அப்படித் திணறாது. ஓட்டுபவருக்குத் தெரியும் முன்பே கொத்து வளைந்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். சிறிய வண்டியில் இன்ஜின் முதலில் தோற்கும்; பெரிய வண்டியில் கருவி முதலில் தோற்கும். ஆகவே இன்ஜின் செய்த வேலையை இனி ஓட்டுபவர் செய்ய வேண்டும்: சிறிய கியர், குறைந்த வேகம், கருவி முன்பு உழுத அதே ஆழம்.

ரோட்டவேட்டரில் கவனம் இன்னும் கூட வேண்டும். பின் பொருந்தாவிட்டால் நமக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. பி.டி.ஓ. தண்டோ பெரும்பாலான வண்டிகளில் ஒரே 35 மி.மீ., 6 பல் அளவு என்பதால் எச்சரிக்கையே இல்லாமல் உள்ளே போய்விடும். 25 குதிரைத்திறனுக்குச் செய்த கியர் பெட்டிக்குப் பின்னால் இருமடங்கு பலம் நிற்கும். அதனால்:

• பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றைத் தாண்டக் கூடாது. வண்டியில் 1000 சுற்று வசதி இருந்தால் லிவர் எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

• ஷாஃப்ட்டில் உடைவதற்கென்றே வைத்த ஷியர் போல்ட் உடைந்தால், அதே தரத்தில் மாற்றுங்கள். உறுதியான போல்ட் போட்டால் அடுத்து உடைவது கியர் பெட்டி.

• ஷாஃப்ட் நீளத்தை அளந்து பாருங்கள். கருவியை ஏற்றி இறக்கும்போது மிகக் குறுகும் நிலையிலும் 1 அங்குலமாவது இடம் மிஞ்ச வேண்டும். மிக நீளும் நிலையிலும் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு இருக்க வேண்டும்.

• வரப்பைத் தாண்டக் கருவியை உயரத் தூக்கும் முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள்.

5. மண்ணுக்கு என்ன ஆகும்?

பெரிய வண்டியின் வெளி அகலம் ஐந்தரை அடிக்கு மேல். 4 அடி ரோட்டவேட்டர் டயர் தடத்தை மூடாது. அடுத்த சாலில் அந்தத் தடத்தை உழுதாலும், ஒரு பக்கச் சக்கரம் முன்பு உழுத மண்ணை மிதித்துக்கொண்டே போகும். ஈரத்தில் இது மண்ணை இறுக்கிவிடும். தோப்புக்குள் இடை உழவுக்குச் சிறிய கருவி போதும். முழுக் காட்டையும் உழுவதாக இருந்தால், அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் கருவி பூட்டிய டிராக்டர் எவ்வளவு ஆகும் என்றும் கணக்குப் பாருங்கள்.

6. உயிரும் அமானிதமும்

540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. லுங்கியின் நுனியோ துப்பட்டாவோ ஷாஃப்ட்டில் பட்டால் கையை இழுக்கக்கூட நேரம் இராது. தறி ஓட்டும் நம் மக்களுக்குச் சுழலும் தண்டின் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது அதைவிடப் பலம் கூடியது. ஷாஃப்ட்டின் மேல்மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள். தூக்கிய கருவிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் யாரும் கை விடக் கூடாது.

இரவல் வாங்கிய கருவி நம்மிடம் அமானிதம். அதைப் பெரிய வண்டியில் பூட்டப்போவதை உரியவரிடம் முன்னதாகச் சொல்லுங்கள். உடைந்தால் யார் சரிசெய்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். பிறகு மனத்தாங்கலுக்கு இடமிராது.

வீட்டில் பேசிப் பார்க்க:

• நம் வண்டியும் கருவியும் எந்த வகை? அளந்து பார்த்தோமா?
• நம் ரோட்டவேட்டரில் இப்போது இருப்பது சரியான ஷியர் போல்ட்தானா?
• ஷாஃப்ட்டின் மூடி எங்கே? கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டலாமே?