கண்ணுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களும் கம்ப்யூட்டர் படமும்



"எனக்குச் சுகர் இருக்கு, ஆனா கண்ணு நல்லாத்தான் தெரியுது. பிறகு எதுக்குக் கண் பரிசோதனை?" ஆரல்வாய்மொழிப் பக்கம் தாய்மார்கள் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சர்க்கரை வியாதி கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும்போது வலியும் இராது, பார்வையும் மங்காது. கர்ப்ப காலத்தில் இந்தக் கெடுதல் வேகமாக முற்றக்கூடும். ஆகவே ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்போ, முதல் மூன்று மாதத்துக்குள்ளோ விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை வாசித்ததை இந்தப் பரிசோதனை என்று எண்ணிவிடாதீர்கள்!

விழித்திரையைப் படம் எடுப்பது சில நிமிட வேலை. ஊசி இல்லை. படத்தைப் பார்த்தால் நம் தோவாளைச் சானல் நினைவுக்கு வரும். பேச்சிப்பாறைத் தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குப் போகிறதல்லவா? இரத்தக் குழாய்களும் அப்படியே. சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் மெல்லிய கிளைகளின் கரை பலவீனப்பட்டு, புடைத்து, இரத்தம் கசியும்.

கசிந்த இரத்தமும் சிவப்பு, குழாயும் சிவப்பு. குழாய்த் துண்டையே கசிவென்று கம்ப்யூட்டர் தவறாகச் சொல்லிவிடலாம். அதனால் முதலில் குழாய்களைத் தனியே பிரித்தெடுக்கும் முறைகளைக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டருக்குப் படம் என்பது லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவாக ஓர் எண். குழாய் இருக்கும் இடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, ஒல்லியாக, நீளமாகத் தொடர்ந்து போகும். 1989-இல் வெளிவந்த ஒரு முறையில், குழாய் போன்ற சிறு அச்சை 12 திசைகளில் திருப்பித் திருப்பிப் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். பிற்பாடு, மனிதர் கையால் குழாய்களை வரைந்து காட்டிய படங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே பழகிக்கொண்டது. நெதர்லாந்து நாட்டில் 2004-இல் அப்படி 40 படங்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். குழாய்களை நீக்கிய பின் மிஞ்சும் சிவப்புப் பொட்டுகள்தான் சந்தேகத்துக்குரியவை.

குழாயைப் பிரிக்காமலே முழுப் படத்தையும் பார்த்துத் தரம் சொல்லும் முறையும் வந்துவிட்டது. கூகுள் நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும், சென்னை சங்கர நேத்ராலயாவின் படங்களும் சேர்ந்திருந்தன. நம் சனங்களின் கண்ணைப் பார்த்தும் அந்தக் கம்ப்யூட்டர் பாடம் படித்திருக்கிறது!

ஆனாலும் கண்புரை இருந்தாலோ, எடுக்கும்போது அசைந்தாலோ படம் மங்கிவிடும். கம்ப்யூட்டரும் திகைத்துப் போகும். சிகிச்சையைத் தீர்மானிப்பவர் டாக்டர்தான்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயிலில் கண் கூசும். மனைவியைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாமல் கூடவே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகளை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாயிருப்பதைச் சொட்டு மருந்து விடும் முன்பே சொல்லுங்கள். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால் அதே நாளில் உங்கள் கண்ணையும் காட்டிவிடலாம். துணைக்கு மட்டும் வேறொருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.