விண்ணின் துடிப்பைக் கண்ட நங்கை

வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாதார் இலர். ஆயினும் வானநூலாரின் கடமை வியப்போடு முடிவதன்று. கண்டதை ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்து தெளிந்ததை உலகிற்கு உரைத்தலும் வேண்டும். காண்பதற்குக் கூர்த்த கண் போதும். உரைப்பதற்கோ, ஐயம் தீருமுன் வாய் திறவாத அடக்கமும், ஐயம் தீர்ந்தபின் உள்ளதை உள்ளவாறு கூறும் நேர்மையும் வேண்டும். ஆராய்ச்சி மாணவியாய் இருந்த இளமைப் பருவத்திலேயே இவ்விரண்டையும் தம்பால் கொண்டு விளங்கியவர் ஜோசலின் பெல் அம்மையார்.

அவர் 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் வட அயர்லாந்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கட்டடக் கலைஞர். ஆர்மா நகரத்துக் கோளரங்கத்தை வடிவமைக்கும் பணியில் பங்கு கொண்டவர். தந்தையார் கொணர்ந்த வானநூல்களைப் படித்த சிறுமியின் நெஞ்சம் விண்ணையே நாடியது. ஆனால், பள்ளியிலோ ஆண்மக்களுக்கு அறிவியலும், பெண்மக்களுக்கு மனையியலும் எனப் பாடங்களைப் பிரித்து வைத்திருந்தனர். பெற்றோர் முறையிட்ட பின்னரே பெல்லுக்கு அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்தது. பதினோராம் அகவையில் எழுதிய தேர்வில் அவர் தேறவில்லை. அதனால் உள்ளம் உடைந்தாரல்லர். இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்து பயின்றார். பின்னர்க் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்று, 1965-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சிறப்பு வகுப்பில் அவர் ஒருவரே பெண். அவர் அறையினுள் நுழையுந்தோறும் உடன் பயின்ற இளைஞர்கள் தரையை உதைத்து ஆரவாரம் செய்தனர், சீழ்க்கை அடித்தனர். முகம் சிவவாது நடந்து சென்று தம் இடத்தில் அமர அவர் பழகிக் கொண்டார்.

அவ்வாண்டே அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். ஆங்கிருந்தோரின் அறிவாற்றலைக் கண்டதும் அவர்க்கு ஓர் அச்சம் எழுந்தது. “என்னைத் தவறுதலாகச் சேர்த்துக் கொண்டனர் போலும்; தவற்றை உணர்ந்ததும் வெளியேற்றி விடுவர்” என்று எண்ணினார். அவ்வச்சம் அவரை முடக்கவில்லை. வெளியேற்றும் நாள் வரும்வரை இயன்ற அளவும் உழைப்பது என்று உறுதி பூண்டார்.

அந்தோனி ஹியூவிஷ் என்பார் அவர்க்கு ஆய்வாசிரியர். விண்ணிலிருந்து கண்ணுக்குப் புலனாகும் ஒளி மட்டும் வருவதில்லை. கண்ணுக்குப் புலனாகா வானொலி அலைகளும் வருகின்றன. அவ்வலைகளை வாங்குதற்கென ஒரு பெரிய தொலைநோக்கியை அமைக்க ஹியூவிஷ் திட்டமிட்டார். அது கண்ணாடி வில்லை பொருத்திய குழாய் அன்று. நாலரை ஏக்கர் நிலத்தில் நாட்டிய ஆயிரத்திற்கு மேற்பட்ட கம்பங்களும், அவற்றினிடையே கட்டிய ஈராயிரத்திற்கு மேற்பட்ட அலைவாங்கிகளும், அவற்றை இணைக்கும் 120 மைல் நீளக் கம்பியும் சேர்ந்ததே அத்தொலைநோக்கி. அதனைச் சிலரே சேர்ந்து ஈராண்டுகளில் அமைத்தனர். பெல்லும் சம்மட்டி எடுத்துக் கம்பம் நாட்டினார். வெயிலிலும் குளிரிலும் நின்று கம்பி பிணைத்தார்.

1967-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொலைநோக்கி இயங்கத் தொடங்கிற்று. அதனை இயக்குவதும், அது தரும் பதிவுகளை ஆராய்வதும் பெல்லின் பொறுப்பாயின. நான்கு பதிவுக் கருவிகள் நாள்தோறும் 96 அடி நீளத் தாளில் அலைகளின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாக வரைந்தன. அவற்றை அடி அடியாக விரித்து, எது விண்ணிலிருந்து வந்தது, எது மண்ணில் மனிதர் இயக்கும் கருவிகளிலிருந்து வந்தது என அவர் பிரித்தறிந்தார். மிகத் தொலைவில் உள்ள குவேசார் எனும் பொருள்களைத் தேடுவதே அவ்வாராய்ச்சியின் நோக்கம்.

சில வாரங்கள் சென்றன. தாளில் ஒரு சிறு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. நானூறு அடித் தாளில் அது அரை அங்குலத்திற்கு மேற்படாது. அது குவேசாரின் குறியும் அன்று. மனிதர் கருவிகளின் குறியும் அன்று. வேறொருவராயின் அதனைப் புறக்கணித்து மேற்சென்றிருப்பர். பெல்லோ, “இதனை முன்னும் ஒருமுறை கண்டேனே!” என்று நினைவு கூர்ந்தார். பழைய தாள்களை எடுத்துப் புரட்டினார். அதே கிறுக்கல் விண்ணின் அதே பகுதியிலிருந்து முன்னரும் வந்திருந்தது!

அதனை விரைவாக ஓடும் தாளில் பதிவு செய்தால் உண்மை விளங்கும் என்று ஆசிரியரும் மாணவியும் கருதினர். நவம்பர்த் திங்களில் பெல் நாள்தோறும் ஆய்வுக் களத்திற்குச் சென்றார். நாள்தோறும் வெறுங்கையுடன் திரும்பினார். “அது தோன்றி மறைந்துவிட்டது, நாம் தவற விட்டுவிட்டோம்” என்று ஆசிரியரும் கருதினார். பெல் முயற்சியைக் கைவிடவில்லை. நவம்பர் 28-ஆம் நாள் எழுதுகோல் தாளின்மீது துள்ளியது. துள்ளலுக்கும் துள்ளலுக்கும் இடையே ஒரே அளவான காலம்! அஃது ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மிகுதியாய் இருந்தது. மனிதரின் நாடியினும் ஒழுங்காக விண்ணில் ஏதோ ஒன்று துடித்தது.

அச்செய்தியை உடனே ஊரறியப் பறைசாற்றினரோ? இல்லை. அன்றுதான் அவர்தம் உண்மைச் சோதனை தொடங்கிற்று. “இது மனிதர் செய்ததாகவே இருத்தல் வேண்டும்” என்றார் ஹியூவிஷ். திங்களில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையோ? விந்தையான பாதையில் சுற்றும் செயற்கைக் கோளோ? அருகிலுள்ள தகரக் கட்டடத்தின் விளைவோ? ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒவ்வொன்றாக விலக்கினர். விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி உதிக்கும். அத்துடிப்பும் அவ்வாறே முந்தி வந்தது. எனவே, அது விண்மீன்களைச் சார்ந்ததே என்பது புலனாயிற்று. தொலைநோக்கியின் கோளாறோ என ஐயுற்று, வேறொரு தொலைநோக்கியைக் கொண்டும் நோக்கினர். அதிலும் அத்துடிப்பே தோன்றிற்று.

வேற்றுலக மாந்தர் விடுக்கும் செய்தியோ இது என்ற எண்ணமும் எழுந்தது. ‘சின்னஞ்சிறு பச்சை மனிதர்’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டனர். அத்தகைய உயிர்கள் உளவாயின், அவை ஒரு கதிரவனைச் சுற்றும் கோளில் வாழ்தல் வேண்டும். அக்கோள் சுற்றுவதால் துடிப்பின் இடைவெளி சிறிது கூடியும் குறைந்தும் வருதல் வேண்டும். அதனையும் அளந்து பார்த்தனர். நம் உலகம் கதிரவனைச் சுற்றுவதால் விளையும் மாறுதல் ஒன்றே அதில் காணப்பட்டது.

கிறிஸ்துமஸ் திருநாள் நெருங்கிற்று. இச்செய்தியை எங்ஙனம் வெளியிடுவது எனப் பெரியோர் கூடி ஆலோசித்தனர். முடிவு காணாமலே கலைந்தனர். பெல் சலிப்புடன் சென்றார். ஆராய்ச்சிப் பட்டத்திற்குரிய காலமும் பொருளுதவியும் குறைந்துகொண்டே வர, இப்புதிர் வந்து குறுக்கிட்டதே என்பது அவர் கவலை. அன்றிரவே மீண்டும் தாள்களை விரித்தார். விண்ணின் வேறொரு பகுதியில் அதே போன்ற மற்றொரு கிறுக்கல்! அப்பகுதி நள்ளிரவு கடந்த பின்னரே தொலைநோக்கியின் எதிரே வரும். கடுங்குளிரில் அவர் ஆய்வுக் களம் சென்றார். குளிரால் கருவி சரிவர இயங்கவில்லை. தம் மூச்சால் அதனை வெதுப்பினார், கடிந்தும் கொண்டார்! ஐந்து நிமிடமே கருவி செவ்வனே இயங்கிற்று. அந்த ஐந்து நிமிடமே போதியதாயிற்று. ஏறத்தாழ 1.2 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் இரண்டாவது பொருளைத் தாள் காட்டிற்று. விண்ணின் இரு வேறு மூலைகளிலிருந்து இரு வேறு கூட்டத்தார் ஒரே வகைச் செய்தியை ஒரே காலத்தில் விடுத்தல் நம்பத்தக்கதன்று. எனவே, இஃது இயற்கையின் படைப்பே என்னும் தெளிவு பிறந்தது. பதிவுத் தாளை ஆசிரியர் மேசைமீது வைத்துவிட்டு, பெல் மகிழ்வுடன் தம் ஊருக்குப் புறப்பட்டார்.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் அக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. கட்டுரையாளர் ஐவருள் ஹியூவிஷின் பெயர் முதலாவதாகவும், பெல்லின் பெயர் இரண்டாவதாகவும் நின்றன. அப்பொருள்கள் பின்னர்ப் ‘பல்சார்’ எனப் பெயர் பெற்றன. பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும்போது அதன் உட்பகுதி சுருங்கி நியூட்ரான் விண்மீன் ஆகிறது. கதிரவனினும் மிக்க பொருண்மை, குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே உள்ள உருண்டையில் அடங்கிவிடும். அது விரைந்து சுழலும்போது, அதன் அலைக்கற்றை கலங்கரை விளக்கத்தின் ஒளிபோல் சுற்றிவந்து நம்மைத் தீண்டுகிறது. அத்தீண்டலே பெல் கண்ட துடிப்பு.

செய்தி வெளிவந்ததும் நாளிதழாளர் திரண்டு வந்தனர். கண்டுபிடித்தவருள் ஒரு பெண்ணும் உளர் என்றறிந்து அவர்கள் காட்டிய ஆர்வம் அறிவின்பாற்பட்டதன்று. பல்சாரின் இயல்பை ஹியூவிஷிடம் வினவினர். பெல்லிடமோ அவருடைய உயரத்தையும், தலைமயிரின் நிறத்தையும், ஆண் நண்பர்களின் தொகையையும் வினவினர்! உண்மையை அத்துணை நுணுகி ஆராய்ந்து உரைத்தவரை உலகம் அத்துணை மேலோட்டமாகக் கேட்டது. பெல் அதனை விரும்பினாரல்லர். எனினும், தம் ஆராய்ச்சியின் மதிப்பிற்கு ஊறு நேருமோ என எண்ணிப் பொறுத்துக் கொண்டார். தாம் தொடங்கிய பணியை மறவாது முடித்து, 1969-ஆம் ஆண்டு ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு நூலின் பொருள் குவேசார்களே. உலகையே வியப்பில் ஆழ்த்திய பல்சாரோ அதில் பின்னிணைப்பாய் இடம்பெற்றது.

1974-ஆம் ஆண்டு இயற்பியலுக்குரிய நோபெல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைல் என்பார்க்கும் வழங்கப்பெற்றது. பெல்லின் பெயர் அதில் இல்லை. வானநூல் அறிஞர் பிரெட் ஹாயில் முதலியோர் அதனைக் கண்டித்தனர். பெல் அம்மையாரோ சினந்து பேசாது, தம் பணியைத் தொடர்ந்தார். இல்லற வாழ்வின் பொருட்டு ஊர்தோறும் பெயர நேர்ந்தபோதும், பகுதி நேரப் பணிகளை ஏற்று வானாராய்ச்சியை விடாது வளர்த்தார். 2008-ஆம் ஆண்டு பிரிட்டனின் இயற்பியல் கழகத்திற்கு முதற் பெண் தலைவர் ஆனார்.

2018-ஆம் ஆண்டு அவர்க்கு 30 இலட்சம் டாலர் மதிப்புள்ள பெரும் பரிசு ஒன்று கிடைத்தது. அத்தொகை முழுவதையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இயற்பியல் ஆராய்ச்சியில் இடம் பெற இயலாது ஒதுங்கி நிற்கும் பிரிவினரைச் சேர்ந்த இளைஞர்க்கு உதவித் தொகையாக வழங்குமாறு அதனை அளித்துவிட்டார். “இவ்விடம் நமக்குரியதன்று” என்னும் அச்சத்தோடு ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜில் நுழைந்தவர், அவ்வச்சம் கொண்ட பிறர்க்கு வாயிலைத் திறந்து வைத்தார்.

விண்ணில் துடித்தது சிறு வானொலி அலைக் குறிப்பு. தாளில் விழுந்தது அரை அங்குலக் கிறுக்கல். அதனைச் சிறிது என இகழாது நோக்கிய கண்ணும், உறுதி பெறுமுன் உரையாத நாவும், உழைப்பின் பயனைப் பிறர்க்கு ஈந்த நெஞ்சும் ஒருவரிடம் ஒருங்கே அமைந்தன. செய்தி நொடிப்பொழுதில் உலகெங்கும் பரவும் இக்காலத்தில், கேட்டதை எல்லாம் உடனே பரப்புவோர் பலர். கண்டதையும் மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, மெய் எனத் தெளிந்த பின்னரே உரைத்த இந்நங்கையின் நெறி அறிவியலார்க்கு மட்டுமன்றி அனைவர்க்கும் உரிய நெறியாகும்.